இரண்டரைக் கட்டையில் ஒரு பாட்டு

ஒரு குறிப்பிட்ட இங்கிலிஷ் பாட்டை இரண்டரைக் கட்டைச் சுருதியில் கேட்டவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி நான். மற்றவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ரொக் பாட்டு ரசிகர்கள் கூடிக் கதைக்கிற ஓர் இணையத்தளத்தில் நான் சேர்ந்து சில வருஷங்களாகின்றன. எந்தக் குழு பெரியது, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கோர்ட் மாறுகிறது, பாட்டை எழுதும்போது முதலில் சொல் வருமா மெட்டு வருமா என்று அங்கே நாள் முழுக்கச் சண்டை நடக்கும். சண்டிலிப்பாயில் தனியாக இருக்கிற ஒரு கணக்கு ரீச்சர், பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி வைத்துவிட்டு அந்தச் சண்டைக்குள் போய் மூக்கை நுழைப்பது தெரிந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைக்குச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதன் பெயர் தெரியாது. பாடிய குழு தெரியாது. சொற்களும் அரைகுறை, எங்களுக்குக் கேட்ட சொற்களை அப்படியே தட்டித் தேடினால் இணையம் மீன்தொட்டி விற்கிற கடைகளைக் காட்டியது. உறுதியாகத் தெரிந்தது சுருதி மட்டும்தான். இரண்டரைக் கட்டை. அவர்கள் கணக்கில் ஈ ஃப்ளாட் மைனர். தலை போனாலும் அதில் மாற்றமில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு தற்செயல். அண்ணை வெளிநாடு போவதற்கு முன் கொழும்பில் நின்றபோது, கசெற் அடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் தனக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டுகளைச் சொல்லிப் பதிவு செய்வித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எல்லாப் பாட்டும் அடித்து முடிய நாடாவில் கொஞ்ச இடம் மிஞ்சியிருக்கிறது. வெறுமையாக விடுவானேன் என்று கடைக்காரன் தன் விருப்பத்துக்கு ஓர் இங்கிலிஷ் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டான். அதற்கும் இடம் போதவில்லை. பாட்டின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே நாடா முடிந்து டக்கென்று நின்றுவிடும்.

மின்சாரம் நின்றுபோய்ச் சில வருஷங்கள் கழிந்திருந்த காலம் அது. பற்றறி கண்ணில் காணக் கிடைக்காது. எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்துக் கசெற் பெட்டியில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். மெதுவாகச் சுற்றினால் பாடுகிறவர் நித்திரை கொள்வார். விசையாகச் சுற்றினால் வாத்துப்போலக் கத்துவார். இரண்டுக்கும் நடுவில் மனிதக் குரலாகக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சரியான வேகம் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். அரைக் கட்டை ஏறினாலோ இறங்கினாலோ யாருக்குத் தெரியப் போகிறது.

ஐயா காலைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய் வந்து, சாப்பிட்டுப் படுத்தால் சயிக்கிள் எனக்கு. அப்படி ஒரு மத்தியானம் அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு தலை தெரிந்தது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பின்வளவில் பூட்டிக் கிடந்த வீட்டில் இருந்த குடும்பத்தின் மூத்த பெட்டை. என் வயதுதான். வந்து சில மாதமாகியும் நாங்கள் கதைத்ததில்லை.

"உது என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"திருப்பி ஒருக்கா விடும்."

"எனக்குக் கை நோகுது."

"அப்ப நான் சுத்துறன், தள்ளும்."

தள்ளினேன். அவள் சுற்றிய சுற்றில் பாட்டு மலை ஏறி மலை இறங்கியது. அவளுக்கு எதையும் ஒரே சீராகச் செய்ய வராது என்று அன்றைக்கே தெரிந்தது. எனக்கு அது ஒன்றுதான் வரும். அன்றிலிருந்து வேலை பிரிந்தது: நான் சுற்றுவேன், அவள் கேட்பாள். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடி, காதை அதிலே வைத்துக்கொண்டு கேட்பாள். அப்படி ஒருவர் பாட்டுக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவளிடம் ஒரு கிற்றார் இருந்தது. குருநகரில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வாசித்தவள். வீட்டை விட்டு வரும்போது உடுப்பை விட்டுவிட்டுக் கிற்றாரைத் தூக்கி வந்ததற்குத் தாயிடம் வாங்கிய ஏச்சு இன்னும் முடியவில்லை என்றாள். கம்பி மூன்றுதான் மிச்சம். மற்ற மூன்றுக்கும் அவளுடைய தகப்பன் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூலை, தங்கூசியைக் கட்டிக் கொடுத்திருந்தார். மெல்லிசு, நடுத்தரம், மொத்தம் என்று பார்த்துத் தெரிந்தெடுத்தது. கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் ஊர்ப் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்ற மனிதருக்கு, அந்தத் தங்கூசி வேறு எதற்குத்தான் உதவப்போகிறது?

பள்ளிக்கூடத்தில் நான் கர்நாடக சங்கீதம் படித்தவள். சுருதிப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வைத்துப் பார்த்தபோது பாட்டு இரண்டரைக் கட்டையில் நின்றது. அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, அங்கேயுள்ள ஹார்மோனியத்தோடு ஒத்துப் பார்த்து, ஈ ஃப்ளாட் என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரைநாள் பிடித்தது. கண்டுபிடித்தபோது ஏதோ புது நாடு பிடித்த மாதிரி இரண்டு பேரும் குதித்தோம்.

அவளுக்கு மைனர், எனக்குச் சாதாரண காந்தாரம். அவளுக்கு மேஜர், எனக்கு அந்தர காந்தாரம். அவள் மூன்று சுரங்களைச் சேர்த்துக் கோர்ட் என்று வாசித்துக் காட்டினால், நான் விடமாட்டேன்.

"மூண்டு பேர் ஒரே நேரத்திலை கதைச்சா ஆற்றை கதையைக் கேக்கிறது?"

"நீர் ஏன் கேக்கிறீர்? நடுவிலை சும்மா நில்லும்."

அவள் சொன்னபடி நடுவில் நிற்கப் பழக எனக்குச் சில வாரம் எடுத்தது. பழகிய பிறகு தனிக் குரலாகப் பாடுகிற எங்கள் பாட்டுகள் கொஞ்சம் வெறிச்சென்று தெரிந்தன. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி இருந்திருப்பாள்.

பாட்டில் நாலு கோர்ட்தான். ஆனால் அந்த நாலும் அவளை அழவைத்தன. ஈ ஃப்ளாட் மைனரில் ஒரு கம்பியைக்கூடச் சும்மா திறந்துவிட முடியாது. சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் குறுக்கே அமத்திப் பிடித்துக்கொண்டுதான் மற்ற விரல்களை வைக்க வேண்டும். இரும்புக் கம்பி மூன்று, தங்கூசி மூன்று; இரும்பு வெட்டும், தங்கூசி வழுக்கும். அரை மணித்தியாலத்தில் விரல் சிவந்து தடம் விழுந்துவிடும்.

"கம்பியளைக் கொஞ்சம் இளக்கி, சுருதியை இறக்கி வைச்சுப் பிடியுமன்" என்றேன் நான்.

"தங்கூசியை இளக்கினா அது திரும்பி ஒரு நிலைக்கு வர நாலைஞ்சு நாள் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் என்னைத் துரத்துவார்."

இப்படிக் கஷ்டமான சுருதியில் ஒருவன் ஏன் பாட்டுக் கட்டினான் என்று நாங்கள் எவ்வளவோ ஆராய்ந்தோம். வெள்ளைக்காரருக்குக் கை பெரிசு என்பது அவளுடைய முடிவு. கேட்கிறவர்கள் இலேசில் திருடக்கூடாதென்று வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்பது என்னுடையது. எப்படியோ, உலகத்திலேயே பெரிய கிற்றார்க்காரன் இவன்தான் என்பதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. வேறு எவனையும் நாங்கள் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது சரணத்தில், கடைசி வரிக்குச் சற்று முன்னால், ஓர் இடம் உண்டு. குரலும் கிற்றாரும் எல்லாமாகச் சேர்ந்து ஒரு துளி கீழே சரிந்து, திரும்ப எழும்பி வரும். ஒரு மூச்சு நேரம்தான். அவளுக்குப் பாட்டிலேயே உயிர் அந்த இடம். அது வரும்போது கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். அது கமகம், வெள்ளைக்காரருக்கும் கமகம் இருக்கிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். அந்தச் சரிவைக் கிற்றாரில் எடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பியை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து, தட்டி, பிறகு மெல்ல விட்டால் வரும் என்று தானாகவே கண்டுபிடித்தாள். அது சரியாக வந்த அன்று என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரும் செத்துப்போச்சினமோ? ஏன் பிள்ளையள் இப்பிடி அழுகிறியள்?" என்றார்.

எங்களுக்குள் வந்த ஒரே சண்டை பாட்டின் முடிவைப் பற்றியது. நாடா பாதியில் நின்றுவிடுவதால் பாட்டு எப்படி முடிகிறது என்று தெரியாது. அதை நாங்களே கட்டிப் பார்த்தோம். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் எழுதிய பாட்டு அந்தச் சில வரிகள்தான். நான் சொன்னேன், என்ன சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் ஸட்ஜத்தில் வந்து நிற்க வேண்டும், புறப்பட்ட இடத்துக்கு வந்தால்தான் அது முடிவு என்று. அவள் இல்லை என்றாள். நாலாவது கோர்ட்டில் அப்படியே விட்டுவிட வேண்டுமாம்.

"அந்தரத்திலை விட்டா அது முடிவே?"

"எல்லாம் வீட்டை வந்துதான் முடிய வேணுமோ? நாங்கள் வீட்டை போகாமல் எவ்வளவு காலமா இருக்கிறம். நாங்கள் முடியேல்லைத்தானே."

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் தன் முடிவை வாசிப்பாள், நான் மேலே ஸா என்று பாடிக் கெடுப்பேன். அவள் கிற்றாரால் என் தலையில் தட்டுவாள். அந்த மத்தியானங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். அதற்குப் பிறகு அப்படி இருந்ததில்லை என்று சொன்னால் மிகை என்பார்கள். மிகையில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். சயிக்கிளில் அரிசி மூட்டையும் பாயும் சட்டி பானையும். பாட்டுக் கேட்ட சில்லு அன்றைக்கு அவ்வளவையும் தாங்கியது. கசெற் பெட்டி கட்டிலுக்குக் கீழே நின்றுவிட்டது, நாடா அதற்குள்ளேயே. அவள் கிற்றாரைத் தாயின் பழைய சீலையால் முதுகில் கட்டியிருந்தாள். சனம் நெருக்கிய இடங்களில் யாருடைய தோளாவது தட்டி அது ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்து அவள் எங்கே வருகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தங்கினோம். சில நாள் கழிய, அவளுடைய சொந்தக்காரர் கிளாலியால் வள்ளத்தில் வன்னிக்குப் போவதாகச் செய்தி வந்தது. கடல் தெரிந்த மனிதர், தண்ணீரைக் கண்டால் யோசிக்க மாட்டார், தகப்பன் புறப்பட்டுவிட்டார். சந்தைக்கு முன்னால் நின்று நாங்கள் கதைத்தோம். அழக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருந்ததால் வேறு என்னவோ கதைத்தோம்.

"இப்பவும் நீர் ஸாவிலைதான் நிக்கிறீரோ?"

"ஓம்."

"அப்ப ஒண்டு செய்வம். ஆருக்கு முதல் முழுப் பாட்டும் கிடைக்குதோ, அவ மற்றவவுக்குச் சொல்ல வேணும். நான் பிழையெண்டா ஒத்துக்கொள்ளுறன்."

"நான் பிழையெண்டா?"

"நீர் ஒத்துக்கொள்ள மாட்டீர். எண்டாலும் நான் வந்து சொல்லுவன்."

"சரி, போட்டு வாரும்."

"வாறன்" என்றாள். எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நாங்கள் அடுத்த வருஷம் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டில் கதவும் இல்லை, கட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை. பின்வளவு வீட்டுக்கு யாரும் வரவில்லை. வேலிப் பொட்டை அம்மா ஓலை வைத்து மறைத்தார். நான் படித்தேன், ரீச்சரானேன், ஐயாவையும் பிறகு அம்மாவையும் சுடலைக்கு அனுப்பிவைத்தேன். அவளைத் தேடாமலில்லை. குருநகருக்குப் போய் விசாரித்தேன். மன்னாருக்குப் போனதாக ஒருவர் சொன்னார், வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனதாக இன்னொருவர் சொன்னார். அவளுடைய பெயர் எங்கள் கரையோரத்தில் வீட்டுக்கு ஒன்று. இணையத்தில் அந்தப் பெயரில் வந்த முகங்களையெல்லாம் பார்த்துக் கண் பூத்துப்போனேன். அண்ணையிடம் பாட்டைப் பற்றிக் கேட்டால், "உந்தக் கசெற் அனுப்பினதே எனக்கு நினைவில்லை" என்றார்.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாதென்று ஆனபோதுதான் பாட்டையாவது கண்டுபிடிப்போம் என்று அந்த இணையத்தளத்தில் சேர்ந்தேன். ஈ ஃப்ளாட் மைனர், நாலு கோர்ட், இரண்டாவது சரணத்தில் ஒரு சரிவு என்று எழுதி, மெட்டைப் பாடியும் போட்டேன். நல்ல மனிதர்கள், நிறைய யோசித்தார்கள். இந்தச் சுருதியில் அப்படி ஒரு பாட்டே இல்லை என்றார்கள். நான் இருக்கிறது என்றேன். வாய்த்தர்க்கம் மாதக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் ஒருவர், நீங்கள் அதை எதில் கேட்டீர்கள் என்று கேட்டார். சயிக்கிள் கதையை எழுதினேன். பிறகு அவர், உங்கள் பெட்டி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாம், அரைக் கட்டை ஏற்றித் தேடிப் பார்க்கிறேன் என்றார். அன்று பின்னேரமே பாட்டு வந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

ஈ மைனர். மூன்று கட்டை. நாலு கோர்ட்டும் கிற்றார் வாங்கிய முதல் கிழமையில் சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற கோர்ட்கள். இரண்டு மூன்று விரல் போதும், மிச்சக் கம்பிகள் தாமாகவே ஒலிக்கும். வாழ்க்கையில் அடிபட்டுக் களைத்த ஒரு மனிதர் என்று நாங்கள் நினைத்திருந்த பாடகன், மீசை முளைக்காத குரலில் துள்ளித் துள்ளிப் பாடினான். அவளுடைய விரல்களை நினைத்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இரண்டாவது சரணம் வந்தது. கடைசி வரிக்கு முன்னால் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் சரியவில்லை. பாட்டு நேரே ஓடிப் போய்விட்டது. திரும்பப் போட்டேன். அப்போதும் இல்லை. பிறகுதான் என் வலது தோளில் பழைய நோ ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் வலது கை களைத்து, இடது கைக்கு மாற்றுவேன். ஒரு துளியும் பிசகாமல் மாற்றுகிறேன் என்று எனக்குள் பெரிய பெருமை. அவள் உயிரென்று பிடித்துக்கொண்டது என் கை மாறிய இடத்தை. நான் கமகம் என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன்.

முடிவையும் கேட்டேன். கடைசிச் சுற்று வந்தது, திரும்பவும் அதே சுற்று வந்தது, சத்தம் குறைந்தது, இன்னும் குறைந்தது, இல்லாமல் போயிற்று. ஸட்ஜத்திலும் நிற்கவில்லை, நாலாவது கோர்ட்டிலும் நிற்கவில்லை. பாட்டுக்கு முடிவே இல்லை. பாடிக்கொண்டே எங்கோ போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேருமே பிழை. அதைச் சொல்வதற்கு எனக்கு ஒருத்தி வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் இது வெறும் ஒரு பகிடி.

அன்று இரவு முழுக்க அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அப்போதுதான் யோசித்தேன்: அவள் இருந்தால், எங்கே இருந்தாலும், அவளும் இதைத் தேடுவாள். சொல்கிறேன் என்று சொன்னவள். தேடுகிறவள் என்ன சுருதியில் தேடுவாள்? ஹார்மோனியத்தோடு தானே ஒத்துப் பார்த்த சுருதியில்தான். தலை போனாலும் அதில்தான்.

இணையத்தளத்தில் புதிதாக ஒரு பகுதி திறந்தேன். தலைப்பில் பாட்டின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஈ ஃப்ளாட் மைனர் என்று எழுதினேன். கீழே, நாலு கோர்ட், இரண்டாவது சரணத்தின் கடைசி வரிக்கு முன்னால் எல்லாம் ஒரு துளி சரிந்து எழும்பும் என்று எழுதினேன். முடிவு கிடைத்துவிட்டது, இரண்டு பேரும் பிழை, வாரும் என்றும் தமிழில் எழுதினேன்.

அடுத்த நாள் பார்த்தால், தளத்தைக் கவனிக்கிற ஒருவர் தலைப்பைத் திருத்தி ஈ மைனர் என்று மாற்றியிருந்தார். அப்படி ஒரு சரிவும் பாட்டில் இல்லை என்று பணிவாக ஒரு குறிப்பும் போட்டிருந்தார். நான் திரும்ப ஈ ஃப்ளாட் ஆக்கினேன். அவர் திரும்பத் திருத்தினார். நான் திரும்ப மாற்றினேன். கடைசியில் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார்: சரியான சுருதியை நீங்களே கேட்டுவிட்டீர்களே, பிறகும் ஏன் பிழையானதையே போடுகிறீர்கள்?

பிழை என்று எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.